சேட்டைக்காரப் பிள்ளையா? காரணம் என்ன?



ரந்தாவ் பக்கத்துத் தோட்டக் கோயிலில் ஞாயிறுதோறும் சமய வகுப்புக்கு உதவப் போவேன். எட்டு வயதுப் பையன் ஒருவன் ஐந்து நிமிடம்கூட உட்கார மாட்டான். "வளர்ப்பு சரியில்லே", "சீனி ரொம்ப கொடுக்கிறாங்க" என்று லயத்தில் பேச்சு. ஒருநாள் அவன் அம்மா, "நான் என்ன தப்பு செஞ்சேன் தம்பி?" என்று கேட்டு அழுதுவிட்டார். பதில் தெரியாமல் நின்றேன். பிறகு தேடிப் படித்தேன்.

இப்படிப்பட்ட பிள்ளைகளில் சிலருக்கு ஏ.டி.எச்.டி. இருக்கலாம். 1902-இலேயே லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி விரிவுரை ஆற்றியிருக்கிறார்.

பொறியியலில் ஒரு விளைவுக்கு ஒரே காரணம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது. இதுவும் அப்படித்தான்.

1. மரபு: இரட்டையர் ஆய்வுகளின்படி, இதில் பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய 70 முதல் 80 விழுக்காடு மரபணுக்களைச் சார்ந்தது. ஒரு மரபணு அல்ல, பல சேர்ந்து.

2. பிறப்பு: குறைமாதமும் குறைந்த எடையும் வாய்ப்பைக் கூட்டும்.

3. நச்சு: ஈயம் உடலில் சேர்வதும் அப்படியே.

சீனி? 1995-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சீனியால் பிள்ளைகளின் நடத்தை மாறுவதாகத் தெரியவில்லை. செல்லம் கொடுத்ததாலும் இது வருவதில்லை, பிரம்பால் போவதுமில்லை.

அடுத்த ஞாயிறு சொன்னேன்: "அக்கா, உங்களைக் குத்தம் சொல்லிக்காதீங்க. அரசாங்க கிளினிக்ல டாக்டரைப் பாருங்க, என்னன்னு அவங்கதான் சொல்லணும்." தேதி வாங்கிவிட்டார்.

இப்போது வகுப்பில் தேவாரம் முடிந்ததும் மணியடிப்பது அவன் வேலை. ஒருமுறைகூட மறந்ததில்லை. உங்கள் தோட்டத்திலும் இப்படியொரு பிள்ளை இருந்தால், முதலில் அந்த அம்மாவிடம் நல்ல வார்த்தை பேசுங்கள்.