வாக்கும் இடமும்: தேர்தல் முறையில் மாற்றம் தேவையா?

நம் நாட்டின் மக்களவைத் தேர்தல் முறை எளிமையானது. ஒரு தொகுதியில் போட்டியிடுவோருள் மற்ற எவரையும் விட மிகுதியாக வாக்குப் பெறுபவரே உறுப்பினராகிறார். பாதிக்கு மேல் பெறவேண்டும் என்ற நியதி இல்லை. 1951-52ஆம் ஆண்டின் முதல் பொதுத் தேர்தலில் காங்கிரஸ் சுமார் 45 சதவீத வாக்குகளுடன் 489 இடங்களில் 364ஐக் கைப்பற்றியது. 2014ஆம் ஆண்டில் பாரதிய ஜனதா கட்சி சுமார் 31 சதவீத வாக்குகளுடன் 543 இடங்களில் 282ஐப் பெற்றது. எனவே இந்த ஏற்றத்தாழ்வு ஒரு கட்சியின் தனிப்பட்ட பேறு அன்று, முறையின் இயல்பேயாகும்.

பெருங் கட்சிகளுக்குக் கிட்டும் இச்சலுகையே பெரிதும் பேசப்படுகிறது. ஆயினும் ஏனைய கட்சிகளின் நிலையே கூர்ந்து நோக்கத்தக்கது. அதே 2014ஆம் ஆண்டுத் தேர்தலில் அண்ணா தி.மு.க. நாடு முழுவதிலுமான வாக்குகளில் 3.3 சதவீதம் பெற்று 37 இடங்களை வென்றது. ஏறத்தாழ அதே அளவு வாக்குப் பெற்ற மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கிடைத்தவை 9. இவ்விரண்டையும் விட மிகுதியாக, 4 சதவீதத்துக்கு மேல், அதாவது சுமார் 2 கோடியே 29 லட்சம் வாக்குகளைப் பெற்ற பகுஜன் சமாஜ் கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. காரணம் வெளிப்படை. ஒரு மாநிலத்தில் திரண்டு நிற்கும் வாக்கு இடமாக மாறுகிறது. பல தொகுதிகளில் பரவிக் கிடக்கும் வாக்கு மாறுவதில்லை. நாடெங்கும் சிதறி வாழும் நலிந்த பிரிவினருக்கு இது சிறு குறை அன்று.

அரசியல் நிர்ணய சபையில் இக்கேள்வி எழாமல் இல்லை. விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று காஜி சையத் கரீமுத்தீன் திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் 1949 ஜனவரியில் அதனை மறுத்தார். அம்முறைக்குப் பரவலான எழுத்தறிவு தேவை என்பது ஒரு காரணம்; அது நிலையான ஆட்சிக்கு ஊறு விளைக்கும் என்பது மற்றொன்று. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு பெற்றோர் 18 சதவீதத்தினரே என்பதை நினைவிற்கொண்டால் முதற் காரணத்தின் வலிமை விளங்கும். 2011இல் அது 70 சதவீதத்தைத் தாண்டிவிட்டமையால் அக்காரணம் வலுவிழந்தது.

இரண்டாவது காரணம் இன்றும் உயிருள்ளது. எனினும், நடப்பு முறை நிலையான ஆட்சிக்கு உறுதியளிக்கிறது எனக் கொள்வதும் பொருந்தாது. 1996, 1998, 1999 என நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று பொதுத் தேர்தல்களை நாடு சந்தித்தது இம்முறையின் கீழேதான்.

அண்டை நாடான நேபாளத்தின் அனுபவம் இங்குப் பயன்படும். 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி அங்குப் பிரதிநிதிகள் சபையின் 275 இடங்களில் 165 தொகுதி வாரியாகவும், 110 கட்சிப் பட்டியல் வாரியாகவும் நிரப்பப்பட வகை செய்யப்பட்டது. 2017ஆம் ஆண்டுத் தேர்தலில் நேபாளி காங்கிரஸ் தொகுதிகளில் 23 இடங்களை மட்டுமே வென்றது; இடதுசாரிக் கட்சிகளின் கூட்டு அதற்கு ஒரு காரணம். பட்டியல் வாக்கிலோ அது மூன்றில் ஒரு பங்கை நெருங்கி, மேலும் 40 இடங்களைப் பெற்றது. பட்டியல் முறை இல்லையெனில் முதன்மை எதிர்க்கட்சியே சபையில் சுருங்கிப்போயிருக்கும். ஆனால் அங்கு அமைச்சரவைகள் அடிக்கடி மாறியதையும் மறைப்பதற்கில்லை.

ஆகவே முறை முழுவதையும் மாற்றுவது விவேகமாகாது. தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற ஏற்பாட்டில், குடிநீருக்கும் சாலைக்கும் எவரிடம் முறையிடுவது என்பதை வாக்காளர் அறிவார். அட்டவணைச் சாதியினர், பழங்குடியினருக்கான தனித் தொகுதிகளும் இவ்வேற்பாட்டின்மீதே நிற்கின்றன. இதனைக் குலைக்காமல், மக்களவை இடங்களைக் கால்பங்கு உயர்த்தி, கூடுதல் இடங்களைப் பட்டியல் முறையில் நிரப்பலாம் என்று சட்ட ஆணையம் தனது 170ஆவது அறிக்கையில் 1999ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. ஏற்கத்தக்க வழி இதுவே. மாநிலங்களவை உறுப்பினர்களை மாநிலச் சட்டமன்றங்கள் விகிதாசார முறையில் தேர்ந்தெடுத்து வருவதால், இக்கொள்கை நமக்குப் புதிதும் அன்று.

ஆயினும் நுணுக்கங்களில்தான் பயன் அடங்கியுள்ளது. இடம் பெறுவதற்கான குறைந்தபட்ச வாக்கு, ஜெர்மனியில் உள்ளது போல் நாடு முழுவதற்கும் 5 சதவீதம் என வகுக்கப்பட்டால், மேலே சொன்ன 2 கோடியே 29 லட்சம் வாக்குகள் மீண்டும் வெளியே நிற்கும். மாநில வாரியாகக் கணக்கிட்டால் நிலைமை வேறு. உத்தரப் பிரதேசத்துக்கு உள்ள 80 இடங்களுடன் 20 பட்டியல் இடங்கள் சேர்வதாகக் கொள்வோம். 2014இல் அங்கு ஏறத்தாழ 20 சதவீத வாக்குப் பெற்ற பகுஜன் சமாஜ் கட்சிக்கு அவற்றுள் நான்கு கிட்டியிருக்கும். பட்டியலில் எவர் பெயர் முதலில் இடம்பெறும் என்பதைக் கட்சித் தலைமை மட்டுமே தீர்மானிக்குமாயின், தொகுதி மக்களுக்கு அஞ்சாத உறுப்பினர்கள் உருவாவர். பட்டியலை வேட்புமனுத் தாக்கலின்போதே வெளியிட வேண்டும், கட்சி உறுப்பினர்களின் வாக்கெடுப்பின் மூலமே வரிசையை வகுக்க வேண்டும் என்ற இரு விதிகளையேனும் சட்டத்திலேயே சேர்ப்பது அவசியம்.