மவ்கொஜாத்தா: ஒரு போலந்து இயற்பெயரின் சொற்பிறப்பு

முன்னுரை

இயற்பெயர்கள் மொழிவிட்டு மொழி செல்லுங்கால் அவற்றின் ஒலி மாறுவதோடு பொருளும் மறைவதுண்டு. அவ்வாறு பொருள் மறைந்த பெயரின் வேரைக் காண ஒலியொப்புமை மட்டும் போதுமா என்னும் வினாவை, போலந்தில் மகளிர்க்கு வழங்கும் 'மவ்கொஜாத்தா' என்னும் பெயரைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது.

ஒலியொப்புமை

போலந்து மொழியில் 'மவி' என்பது சிறியது எனவும், 'கொஷ்கி' என்பது கசப்பானது எனவும் பொருள்படும். எழுத்து வடிவில் இப்பெயரின் முற்பகுதி முன்னதையும், இடைப்பகுதி பின்னதையும் ஒத்துள்ளன. இவ்வொப்புமையை மட்டும் கருதின், 'சிறு கசப்பு' எனப் பிழையாகப் பொருள்கொள்ள நேரும்.

சொல் வரலாறு

கிரேக்கத்தில் 'மர்கரீத்தேஸ்' என்பது முத்தைக் குறிக்கும். அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோபிராஸ்டஸ் கற்களைப் பற்றிய தம் நூலில் இச்சொல்லை ஆண்டுள்ளார். இது ஈரானிய மொழிகளின் வழிக் கிரேக்கத்திற்கு வந்தது என்பர் அறிஞர். இலத்தீனில் 'மர்கரீத்தா' என வழங்கிய இச்சொல், அந்தியோக்கியாவின் புனித மார்கரெட் வழிபாட்டால் ஐரோப்பா எங்கும் இயற்பெயராகப் பரவியது.

மூலச்சொல்லில் ரகரம் இருமுறை வருகின்றது. போலந்து வடிவத்தில் முதல் ரகரம் லகரமாகத் திரிந்தது. ஒரே ஒலி மீள வருவதைத் தவிர்க்கும் திரிபு இது. அந்த லகரம் பின்னர் வகரம் போன்று ஒலிக்கலாயிற்று. இரண்டாம் ரகரம் முன்னுயிரின் சார்பால் அண்ணச் சாயல் பெற்று, பின்னர் ஜகரத்தை ஒத்த உரசொலியாயிற்று. ஆயினும் அது இன்றும் 'ஆர்', 'இசட்' என்னும் ஈரெழுத்தால் எழுதப்படுகின்றது. ஒலியில் மறைந்த ரகரத்தை எழுத்து காத்துநிற்கின்றது.

கிரேக்க 'அந்திரேயாஸ்' போலந்தில் 'அன்ஜெய்' என வழங்குவது இரண்டாம் மாற்றத்திற்குச் சான்றாகும். பயணியைக் குறிக்கும் இலத்தீன் 'பெரெக்ரீனுஸ்', 'பியெல்க்ஜிம்' என நிற்பதில் ரகரம் லகரமாதலும் உரசொலியாதலும் ஒருங்கே காணப்படுகின்றன.

பொருள் மறைவு

போலந்து மொழியில் முத்தைக் குறிக்கும் பொதுச்சொல் 'பெர்வா' என்பதாகும். ஆதலின் பெயருக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு பேசுவோர் செவிக்குப் புலப்படுவதில்லை. 'கோஷா' என்னும் செல்ல வடிவத்திலோ மூலச்சொல்லின் முதலசையே மறைந்துவிடுகின்றது.

தமிழகத் தொடர்பும் அதன் எல்லையும்

கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளூஸ், பாண்டிய நாட்டுக் கொற்கையின் முத்துக்குளித்தலைக் கூறுவதோடு, முசிறி முதலான மேலைத் துறைகளின் ஏற்றுமதிப் பொருள்களுள் முத்தை இச்சொல்லாலேயே சுட்டுகின்றது. ஆயின் தியோபிராஸ்டஸ் காலத்திலேயே இச்சொல் கிரேக்கத்தில் வழங்கியமையின், தமிழகப் பொருளொன்று அச்சொல்லால் சுட்டப்பட்டது என்பதே இதனால் பெறப்படும். சொல்லின் பிறப்பிடம் தமிழகம் என்பது பெறப்படாது.

முடிவுரை

'மவ்கொஜாத்தா' என்பதன் பொருள் முத்து. அதனை நிறுவுவது பிற சொற்களிலும் காணப்படும் ஒலிமாற்றமே. ஒலியொப்புமை இப்பெயரைக் கசப்பாக்கியிருக்கும். வணிகத் தொடர்பை மட்டும் நோக்கின் அது தமிழ்ச்சொல்லாகியிருக்கும். பிறமொழிச் சொற்களைத் தமிழோடு ஒப்பிடும் ஆய்வுகளும் இவ்விரு தடுமாற்றங்களையும் விலக்கிச் செல்லுதல் வேண்டும்.