ஆறு பிள்ளைகளும் ஒரு திண்ணையும்: பயர் ஆபீஸ் ஊரிலிருந்து சில வீட்டுக் குறிப்புகள்

வெம்பக்கோட்டையில் எங்கள் வீட்டில் ஒன்பது பேர். நான், வீட்டுக்காரர், மாமியார், ஆறு பிள்ளைகள். அவருக்குப் பயர் ஆபீஸில் மருந்து செலுத்துகிற வேலை. பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு மறுபடி கதவு திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதிதான். எங்கள் பக்கம் படிப்பு இல்லாமல் வீட்டில் இருக்கிற பிள்ளையின் கை சும்மா இருக்காது. குழாய் உருட்ட, திரி வெட்ட என்று யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். அந்தப் பயத்தில் திண்ணையில் பாயை விரித்தேன். நான் படித்தது பிளஸ் டூ வரைதான். பள்ளி திறந்த பிறகும் பாயைச் சுருட்டவில்லை. சாயங்காலமும் விடுமுறை நாளும் இன்றைக்கும் அங்கேதான் படிப்பு. அதிலும் வீட்டை நடத்துவதிலும் எனக்குக் கைகொடுத்தவற்றை எழுதுகிறேன்.

1. தினசரி காலண்டர் தாளைக் கிழித்துக் குப்பையில் போடாதீர்கள். முன்பக்கத்தில் பெரிய எண் இருக்கிறது. 31 நாள் உள்ள ஒரு மாதத் தாளைச் சேர்த்தால் 1 முதல் 31 வரை எண் அட்டை தயார். கலைத்துப் போட்டு அடுக்கச் சொன்னால் சின்னவளுக்கு அரை மணி நேரம் போவதே தெரியாது. பின்பக்கம் வெற்றுத் தாள். ஆளுக்கொரு தாள், ஒரு கணக்கு, ஒரு வரி சொல்வதெழுதுதல். இவ்வளவுதான் என்று கண்ணுக்குத் தெரிவதால் பிள்ளைகள் சிணுங்குவதில்லை. நோட்டைக் கையில் கொடுத்தால் எத்தனை பக்கம் எழுதணும் என்றுதான் முதலில் கேட்கும்.

2. சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தாளுக்குச் செலவழிக்க வேண்டாம். அச்சகங்களில் ஒரு பக்கம் மட்டும் அச்சான தாளை எடைக்கு வாங்கலாம். நடுவில் மடித்து, சாக்குத் தைக்கிற ஊசியும் நூலும் கொண்டு மூன்று இடத்தில் தைத்தால் ரஃப் நோட்டு. பத்து வயதுப் பிள்ளை தானே தைக்கும். தான் தைத்த நோட்டை அது கிழிக்காது.

3. எங்கள் நாலாமவன் இருபத்தொன்பது வரை சரியாக எண்ணுவான். அதற்கு அடுத்தது அவனுக்கு ‘இருபத்திப்பத்து’. அடித்துச் சொன்னாலும் அதேதான். ஒருநாள் குடும்ப ஜெபத்தில் மாமியார் கையில் ஜெபமாலை உருள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலை ஒரு ஜெபமாலையைப் பாயில் வட்டமாகப் போட்டேன். சின்ன மணி பத்து, பிறகு தனியாக ஒரு பெரிய மணி. ‘பெரிய மணி வந்தா பத்து முடிஞ்சிருச்சு, அடுத்த பேரு வைக்கணும்’ என்றேன். விரலை மணிமேல் வைத்து, வாயைக் குவித்து, மூன்றாவது பெரிய மணி வந்ததும் ‘முப்பது’ என்று கத்தினான். ஜெபமாலையில் மொத்தம் 59 மணி, 53 சின்னது, 6 பெரியது. கூட்டலுக்கும் அதுவே ஆயிற்று. மந்திரித்த ஜெபமாலையை இதற்கு எடுக்காதீர்கள். மந்திரிக்காத ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது புளியங்கொட்டையில் கோத்துக்கொள்ளுங்கள்.

4. எ, ஏ குழப்பம் எல்லா வீட்டிலும் உண்டு. சுளகில் ரவையைப் பரப்பி விரலால் எழுதச் சொல்லுங்கள். தப்பென்றால் ஒரு ஆட்டு ஆட்டினால் அழிந்துவிடும். கூடவே வீரமாமுனிவர் கதையையும் சொல்லுங்கள். அவர் காலத்துக்கு முன்பு குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் மேலே புள்ளி வைப்பார்கள், நெடிலுக்குப் புள்ளி கிடையாது. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று விட்டுவிடுவார்கள். அதனால் எது குறில், எது நெடில் என்று தெரியாமல் போகும். ஏகாரத்துக்குக் கீழே ஒரு கோடு, ஓகாரத்துக்கு ஒரு சுழி என்று வேறுபடுத்தியவர் அந்த இத்தாலிக்காரச் சாமியார். அவர் பணியாற்றிய காமநாயக்கன்பட்டிக்கு நாங்கள் ஒவ்வொரு ஆகஸ்ட் 15க்கும் பரலோக மாதா திருவிழாவுக்குப் போகிறோம். ‘அந்தச் சாமியார் இங்கதான் இருந்தாரா?’ என்று கேட்ட பிள்ளை அதற்குப் பிறகு ஏ போடும்போது கோட்டை மறந்ததில்லை.

5. ஒரே போன், ஆறு பேர் கேட்க வேண்டும் என்றால் போனை எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்துங்கள். சத்தம் கூடுதலாகக் கேட்கும். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிதான் பள்ளி மூடியிருந்த மாதங்களில் எங்களுக்குப் பெரிய துணை. டிவி பார்க்கிறபோது பென்சில் கையில் இருக்க வேண்டும் என்பது மட்டும் வீட்டுச் சட்டம்.

6. இதைப் பெரிய குடும்பத்துத் தாய்மார் எல்லாரும் படிக்க வேண்டும். மூத்தது இரண்டாவதுக்கும், இரண்டாவது மூன்றாவதுக்கும் சொல்லிக்கொடுப்பது நல்ல வழிதான். ஆனால் நான் அதில் ஒரு தப்புப் பண்ணினேன். என் மூத்தவளை இரண்டாவது அம்மாவாக்கிவிட்டேன். சின்னதுக்குத் தலை பின்ன, பாட்டிக்கு வெந்நீர் வைக்க, தம்பிக்கு வாய்ப்பாடு கேட்க எல்லாம் அவள்தான். ஒருநாள் அவள் கணக்கு நோட்டைத் திறந்தேன். மூன்று வாரமாக ஒரு கணக்கும் இல்லை. பக்கத்து ஓரங்களில் தம்பி தங்கை பெயரும், யார் எத்தனை வாய்ப்பாடு ஒப்பித்தார்கள் என்ற குறிப்பும்தான் இருந்தன. கையெழுத்து மணிமணியாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. அன்றிலிருந்து ஆறு மணி முதல் ஏழு மணி வரை அவளை யாரும் ‘அக்கா’ என்று கூப்பிடக் கூடாது. உள்ளறைக் கதவில் சிவப்புத் துண்டு தொங்கினால் அவள் படிக்கிறாள் என்று அர்த்தம். பையன்களுக்கும் முறை வைத்துத் தங்கச்சி தலையைப் பின்னப் பழக்கினேன். கோணலாகத்தான் பின்னுகிறார்கள், பரவாயில்லை.

7. பயர் ஆபீஸ் உடுப்பு வீட்டுக்குள் வரக் கூடாது. எங்கள் ஊர்ப் பெண்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். அலுமினியப் பொடியும் கந்தகமும் வெடியுப்பும் ஒட்டின சட்டை காய்ந்திருந்தால் ஒரு பொறி போதும், சாதாரணத் துணியைவிடப் பல மடங்கு வேகமாகப் பற்றும். அடுப்புக்குப் பக்கத்துக் கொடியில் அதைப் போடவே போடாதீர்கள். வாசலுக்கு வெளியே ஒரு பெரிய வாளி வையுங்கள். வந்ததும் சட்டை, கைலி, தலைத்துண்டு எல்லாம் வாளி நிறையத் தண்ணீரில் முங்க வேண்டும். உதறாதீர்கள், உதறினால் தூசி மூக்குக்குள்ளும் பிள்ளை மேலும்தான் போகும். பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். கையிலும் காது மடலிலும் படிந்த வெள்ளிப் பொடிக்கு முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போட்டால் விடும். வண்டிச் சத்தம் கேட்டதும் எங்கள் சின்னவள் அப்பா காலைக் கட்டிக்கொள்ள ஓடுவாள். அவளைப் பிடித்து நிறுத்துவது கஷ்டமாகத்தான் இருந்தது. இப்போது அவளே அப்பாவின் மாற்றுக் கைலியோடு குளியலறைக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

8. திரி, கரிமருந்து, பாதி முடிந்த சரம், எதுவாக இருந்தாலும் வீட்டுக்குக் கொண்டுவந்து வேலை பார்க்காதீர்கள். கூடுதல் கூலி கிடைக்கும் என்று யார் சொன்னாலும் வேண்டாம். வீட்டுக்குள் வெடித்து நாம் இழந்தவர்கள் போதும். ‘குடும்பத் தொழில்தானே, பிள்ளை ஒத்தாசை பண்ணட்டும்’ என்பவர்களுக்கு 2016இல் திருத்திய சட்டத்தைச் சொல்லுங்கள். 14 வயதுக்குள் எந்த வேலைக்கும், 18 வயதுக்குள் அபாயகரமான வேலைக்கும் பிள்ளைகளை வைக்கக் கூடாது. குடும்பத் தொழிலுக்குக் கொடுத்த விலக்கு வெடிமருந்துக்குப் பொருந்தாது. எங்கேயாவது பிள்ளைகளை வேலைக்கு வைத்திருப்பது தெரிந்தால் 1098க்குச் சொல்லலாம்.

9. தீக்காயம் பட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். வளையல், மோதிரம், அரைஞாண் எல்லாவற்றையும் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். பேஸ்ட், மை, இட்லி மாவு எதுவும் வேண்டாம். சுத்தமான வெள்ளைத் துணியால் மூடி 108ஐக் கூப்பிடுங்கள். சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. 108 என்பதையும் வீட்டு முகவரியையும் ஐந்து வயதுப் பிள்ளைக்கே மனப்பாடம் பண்ணிவையுங்கள். எங்கள் திண்ணையில் அதுதான் முதல் பாடம்.

10. ஒன்பது பேருக்கு மாவு: ஆறு டம்ளர் இட்லி அரிசி, ஒன்றரை டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். சித்திரை வெயிலில் ஆட்டியதும் உப்பைப் போட்டு, பாத்திரத்தைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வையுங்கள், புளிப்பு மட்டுப்படும். மார்கழியில் உப்பைக் காலையில் போடுங்கள்.

11. தவக்காலத்தில் சுத்தபோசனம் (கறி சாப்பிடாமல் இருப்பது) 14 வயது முடிந்தவர்களுக்கு, ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு) 18க்கு மேல். சின்னப் பிள்ளைகளுக்குக் கடமை இல்லை. ஆனால் அக்காவைப் பார்த்து அவையும் கேட்கும். பட்டினி போடாதீர்கள். வெள்ளிக்கிழமை வாங்குகிற காராச்சேவுக் காசை உண்டியலில் போடச் சொல்லுங்கள். உண்டியல் கணக்கைச் சுவரில் மாட்டிய தாளில் வாராவாரம் எழுதிக் கூட்டுவது மூன்றாமவன் வேலை. குருத்து ஞாயிறன்று மற்ற ஐந்து பேரும் கூட்டிச் சரிபார்ப்பார்கள். கம்பங்கஞ்சியும் மொச்சைக் குழம்பும் இருந்தால் கறி இல்லை என்ற நினைப்பே வராது.

12. துணி மாறிப்போகாமல் இருக்க: காலருக்கு உள்பக்கம் சிவப்பு நூலில் முடிச்சு. மூத்தவளுக்கு ஒன்று, அடுத்தவனுக்கு இரண்டு. தம்பிக்கு இறங்கும்போது ஒரு முடிச்சைச் சேர்த்தால் போதும்.

13. ஒருத்தருக்குப் பேன் வந்தால் ஆறு தலைக்கும் ஒரே நாளில் பாருங்கள். ஈரத்தலையில் எண்ணெய் வைத்து ஈருளியால் வாருங்கள். சீப்பை வெந்நீரில் போடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும்.

14. பெயர். நம் வீடுகளில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, கூப்பிடுகிற பெயர் ஒன்று, பள்ளியில் எழுதினது இன்னொன்று. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரும்போதுதான் வினை தெரியும். ஒரே எழுத்துக்காக என்னை ஒரு அலுவலகத்தில் நாலு தடவை அலையவைத்தார்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் பதியும்போதே ஞானஸ்நானப் பெயரை எப்படி எழுதப்போகிறீர்கள் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பங்குச் சாமியாரிடமும் பள்ளியிலும் ஆதாரிலும் அதே எழுத்து, அதே இனிஷியல். பிள்ளைக்கொரு ஃபைல் போட்டு, பிறப்புச் சான்று, ஞானஸ்நானச் சான்று, தடுப்பூசி அட்டை, புதுநன்மைப் படம் எல்லாம் அதில் இருக்கட்டும்.

15. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைக்கு வழி இல்லை என்று நினைக்காதீர்கள். 12½ வயது முடிந்தால் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். 14 வயது முடிந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாக வீட்டிலிருந்தே படித்துப் பத்தாவது எழுதலாம். எங்கள் பங்கின் அன்பியக் குழுவில், பயர் ஆபீஸ் வேலைக்குப் போய்விட்ட ஒரு பையன் எங்கள் திண்ணையில் உட்கார்ந்துதான் எட்டாவது படித்தான்.

16. கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பசும்புல்: டிசம்பர் 15 வாக்கில் பழைய தாம்பாளத்தில் கரிசல் மண்ணைப் பரப்பிக் கம்பைத் தூவி ஈரத்துணியால் மூடுங்கள். முளை தலைகாட்டியதும் துணியை எடுத்துவிடுங்கள். பெருவிழா இரவுக்குள் விரல் உயரம் நிற்கும். தினமும் ஸ்கேல் வைத்து அளந்து எழுதச் சொன்னால் அறிவியல் பாடமும் ஆயிற்று.

17. விடுமுறையில் ஒருநாள் விஜயகரிசல்குளத்துக்கு நடத்திக் கூட்டிப்போங்கள். வைப்பாற்றங்கரை மேட்டில் 2022 மார்ச்சில் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல், சுடுமண் பொம்மை, தந்தத்தில் செய்த பகடை எல்லாம் கிடைத்தன. நம் ஊர்க்காரர் கை ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்பு வளையல் அறுத்த கை என்று பிள்ளைக்குத் தெரியட்டும். இங்கே பட்டாசுத் தொழில் நூறு வருஷத்துக்குள் வந்ததுதான்.

18. குடும்ப ஜெபத்தில் சின்னப் பிள்ளைகள் தூங்கி விழுந்தால் திட்டாதீர்கள், வேலை கொடுங்கள். ஒன்று பாய் விரிக்கும், ஒன்று பாட்டியின் கண்ணாடியை எடுத்து வரும், ஒன்று இன்றைக்கு யாருக்காக என்று கருத்துச் சொல்லும். வேலை முறை வாரம் ஒருமுறை மாறட்டும். கருத்துச் சொல்ல எங்கள் சின்னவளின் முறை வந்தால் ஏழு நாளும் ஒன்றேதான்: ‘அப்பா வண்டி வரணும்’. அவர் வந்து உடுப்பை வாளியில் போட்டு, தலைக்குக் குளித்து, ஈரம் துவட்டி உட்கார்ந்த பிறகுதான் மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தியை ஏற்றுவோம். மெழுகுவர்த்தி மணல் நிரப்பிய கிண்ணத்தில் நிற்கட்டும். தீப்பெட்டி எட்டாத அலமாரியில் இருக்கட்டும்.