மேலோடிகள்: ஓர் ஒப்பு நோக்கு

கணினியிலோ கைப்பேசியிலோ ஒரு செய்தித்தாளைத் திறந்து வாசிப்பவர், தமக்கும் அச்செய்தித்தாளுக்கும் இடையில் மற்றொன்று நிற்பதைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. தொலைவிலுள்ள சேவையகத்திலிருந்து வருவது நாம் காணும் அழகிய பக்கமன்று. அடையாளக் குறிகள் செறிந்த எழுத்துக்கோவையே வருகின்றது. அதனை வாசித்து, இது தலைப்பு, இது பந்தி, இது படம் எனப் பகுத்து, திரையிலே ஒழுங்குபட வரைந்து காட்டுவது ஒரு மென்பொருள். அதனைத் தமிழகத்தார் உலாவி என்பர். நம் நாட்டுப் பாடநூல்கள் மேலோடி என வழங்குகின்றன.

மேலோடிகள் பலவுள, ஆண்டுதோறும் புதியனவும் தோன்றுகின்றன. முன்னையவற்றினும் விரைவுடையது, காவலுடையது என்னும் விளம்பரமின்றி எதுவும் வருவதில்லை. அவற்றுள் ஒன்றை நிறுவிச் சிறிது நேரம் பயன்படுத்திவிட்டு, நன்று அல்லது நன்றன்று எனத் தீர்ப்புக் கூறுதல் எளிது. ஆயின், அத்தீர்ப்பு பெரும்பாலும் நிறத்தையும் பொத்தான்களையும் பற்றியதாகவே முடியும். புதியதொரு மேலோடியை எவற்றோடு, எவ்வாறு ஒப்பிட்டு ஆராய்தல் வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்காட்டாக விவால்டி என்னும் மேலோடியைக் கொள்வோம். அதனோடு ஒப்பிடற்கு குரோமையும் பயர்பொக்ஸையும் கொள்வோம்.

முகப்பும் பொறியும்

மேலோடி ஒவ்வொன்றும் இரு பகுதிகளையுடையது. முகவரிப் பட்டை, தாவல்கள், பொத்தான்கள் முதலியன முகப்பு எனப்படும். எழுத்துக்கோவையைப் பக்கமாக வரைந்து தருவது பொறி. காண்பார் கண்ணிற் படுவது முகப்பே. ஆயினும் பெரும்பணியைச் செய்வது பொறியே.

முகப்புகள் எத்தனையோ உள. பெருவழக்கிலுள்ள பொறிகளோ மூன்றே. கூகுள் நிறுவனத்தின் பிளிங்க் முதலாவது. குரோம், எட்ஜ், ஒபரா, பிரேவ், விவால்டி ஆகிய யாவும் இதன்மீது அமைந்தவை. 2025-ஆம் ஆண்டிற் செயற்கை நுண்ணறிவோடு வெளிவந்த கொமெற், அற்லஸ் என்பனவும் இவ்வகையினவே. மொசில்லாவின் கெக்கோ இரண்டாவது, பயர்பொக்ஸ் இதனாலியங்குவது. அப்பிள் நிறுவனத்தின் வெப்கிற் மூன்றாவது. சபாரி இதனைச் சார்ந்தது. ஐபோனில் இயங்கும் மேலோடி எதுவாயினும் வெப்கிற் பொறியையே கொள்ளவேண்டும் என்பது அப்பிளின் விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச்சிற் சட்டத்தின் காரணமாக அவ்விதி தளர்ந்தது. பெரும்பாலான நாடுகளில் இன்றும் நிலவுகின்றது. ஆதலின், நம் நாட்டில் ஐபோனில் குரோமையும் பயர்பொக்ஸையும் ஒப்பிடுவார், ஒரே பொறியை இரு முகப்புகளில் ஒப்பிடுகின்றாரேயன்றி வேறில்லை.

முன்னர் நிலைமை இவ்வாறிருக்கவில்லை. ரிம் பேணேர்ஸ்-லீ என்பார் 1990-ஆம் ஆண்டில், ஜெனீவாவுக்கண்மையிலுள்ள சேர்ன் ஆய்வகத்தில், முதல் மேலோடியை ஆக்கினார். 1993-இல் அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் எழுந்த மொசைக் அதனைப் பொதுமக்களிடைப் பரப்பிற்று. பின்னர் ஒபரா தனக்கெனப் பிரெஸ்ரோ என்னும் பொறியையும், மைக்ரோசொப்ட் தனக்கெனச் சில பொறிகளையும் கொண்டிருந்தன. 2013-இல் ஒபரா தன் பொறியைக் கைவிட்டது. 2020 ஜனவரியில் மைக்ரோசொப்டின் எட்ஜும் கூகுளின் பொறிக்கு மாறியது.

விவால்டியின் வரலாறு இதனோடு தொடர்புடையது. ஒபராவை நிறுவியோருள் ஒருவராகிய ஜோன் வொன் டெற்ஷ்னர் அந்நிறுவனத்தை விட்டு நீங்கி, பழைய ஒபராவின் வசதிகளை விரும்பியோருக்கென இதனை ஆக்கினார். இதன் முதற் பதிப்பு 2016 ஏப்பிரல் 6-ஆந் திகதி வெளிவந்தது. தமக்கென ஒரு பொறியை உடைய நிறுவனத்தை நடத்தியவரே, புதிய மேலோடிக்குக் கூகுளின் அடிப்படையைக் கொள்ள நேர்ந்தது. ஒரு பொறியைப் புதிதாக ஆக்கிப் பேணுதல் எத்துணைப் பெரும்பணி என்பதற்கு இதுவே சான்றாகும்.

சோதனை முறை

இனி, ஒப்பிடும் முறையைக் காண்போம். ஆய்வுகூடத்திற் பரிசோதனை செய்வோன் ஒன்றை மாற்றும்போது ஏனையவற்றை மாறாது வைத்திருப்பான். இங்கும் அவ்விதியே பொருந்தும். கணினி ஒன்றாக, இணைய இணைப்பு ஒன்றாக, திறக்கும் பக்கங்கள் ஒன்றாக இருத்தல் வேண்டும். நீண்டநாட் பயன்படுத்திய மேலோடியில் நீட்சிகள் பல ஏறியிருக்கும். பக்கங்களின் படிகளும் சேமிக்கப்பட்டிருக்கும். அதனை அவ்வாறே வைத்து, அன்று நிறுவிய புதியதோடு ஒப்பிடுதல் நேர்மையன்று. இரண்டையும் வெறுமையாக்கித் தொடங்கவேண்டும். ஒருமுறை பார்த்து முடிவு செய்யாது, முறைமாற்றிப் பலமுறை பார்த்தல் வேண்டும்.

முதலாவது, விரைவு. இதனை அளத்தற்கு ஸ்பீடோமீற்றர் என்னும் சோதனைப் பக்கம் உண்டு. அதன் மூன்றாம் பதிப்பு, போட்டியாளராகிய அப்பிள், கூகுள், மைக்ரோசொப்ட், மொசில்லா ஆகியோர் கூடி 2024 மார்ச்சில் வெளியிட்டதாகும். பட்டியலிற் பொருள்களைச் சேர்த்தல், நீக்கல் போன்ற செயல்களைத் தானே விரைந்து செய்து, அதற்காகும் நேரத்தைக் கணித்து ஓர் எண்ணைத் தருகின்றது. குரோமும் விவால்டியும் ஒரே பொறியையுடையன ஆதலின், இவ்வெண்ணில் அவற்றிடையே பெரும் வேறுபாட்டை எதிர்பார்த்தற்கில்லை. ஆயின், விவால்டியின் முகப்பே வலைப்பக்கங்களை எழுதும் மொழிகளால் ஆக்கப்பட்டது. ஆதலாற் பழைய கணினிகளிற் புதிய சாளரம் திறக்கும்போது சற்றுத் தாமதம் தோன்றலாம். அத்தாமதம் ஸ்பீடோமீற்றர் எண்ணில் விளங்கித் தோன்றாது. அளவுகோல் அளப்பதையே அளக்கும் என்பதை மாணவர் மறத்தலாகாது.

இரண்டாவது, நினைவகம். குரோம் 2008-இல் வெளிவந்தபோதே, தாவல்களைத் தனித்தனிச் செயன்முறைகளாகப் பிரித்து இயக்கும் வழியைக் கொண்டிருந்தது. ஒரு பக்கம் பழுதுற்றால் ஏனையவை வீழா. ஒரு தளம் மற்றொரு தளத்தின் தரவைத் திருடுதலும் அரிதாகும். இக்காவலுக்கு விலையாக நினைவகம் மிகுதியாகச் செலவாகின்றது. ஆதலின் குறைந்த நினைவகத்தைக் கொள்வதே சிறந்த மேலோடி எனத் துணிதல் தவறு. எதற்காகச் செலவாகின்றது என்றே கேட்டல் வேண்டும்.

மூன்றாவது, தமிழ். ‘கொ’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். கணினியில் ககரம் முதலிலும் உயிர்க்குறி பின்னுமாகச் சேமிக்கப்படுகின்றன. திரையிலோ அக்குறியின் ஒரு பாதி ககரத்துக்கு முன்னும் மறுபாதி பின்னும் நிற்றல் வேண்டும். இவ்வமைப்பைக் குரோம், விவால்டி, பயர்பொக்ஸ் ஆகிய மூன்றும் ஹார்ப்பஸ் என்னும் பொதுவான மென்பொருளின் உதவியாற் செய்கின்றன. ஆதலின், பொறி வேறாயினும் தமிழெழுத்து உருக்குலையாது தோன்றுகின்றது.

நான்காவது, மறைவடக்கம். நாம் ஒரு செய்தித்தளத்தைத் திறக்கும்போது, அப்பக்கத்திற் பதிந்த விளம்பர நிறுவனமும் நம் கணினியில் ஓர் அடையாளக் குறிப்பை வைத்து, பிற தளங்களிலும் நம்மைப் பின்தொடர்தல் கூடும். இதனை மூன்றாந்தரப்புக் குக்கி என்பர். சபாரி இவற்றை 2020 மார்ச்சில் முற்றாகத் தடுத்தது. பயர்பொக்ஸ் 2022 ஜூனில், ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனிப் பெட்டியில் அடைக்கும் முறையை யாவர்க்கும் இயல்பாக்கிற்று. கூகுளோ 2020 ஜனவரியில், ஈராண்டில் இவற்றை நீக்குவதாக அறிவித்து, பலமுறை ஒத்திவைத்து, 2024 ஜூலையில் அத்திட்டத்தைக் கைவிட்டது. விவால்டி 2020-இலிருந்து பின்தொடர்வோரையும் விளம்பரங்களையும் தடுக்கும் கருவியைத் தன்னுள்ளே கொண்டுள்ளது. தடுக்கும் அளவைப் பயன்படுத்துவோரே தெரிந்துகொள்ளலாம்.

ஐந்தாவது, நீட்சிகள். விளம்பரத் தடுப்பான்கள் பல சார்ந்திருந்த பழைய நீட்சி முறையைக் கூகுள் படிப்படியாக ஒதுக்கி, 2025-இல் முற்றாக நிறுத்திற்று. அம்முடிவு குரோமோடு நில்லாது, அதே அடிப்படையில் அமைந்த ஏனைய மேலோடிகளையும் பற்றியது. பயர்பொக்ஸ் மாத்திரம் தன் பொறி தனதாகையால், பழைய முறையையும் தொடர்ந்து ஏற்கின்றது. முகப்பு எவருடையதாயினும், பொறியை உடையவர் கையிலேயே முடிவு உள்ளது என்பதை இச்சோதனை காட்டுகின்றது.

பெயரை மறைத்த மேலோடி

ஒவ்வொரு மேலோடியும் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது தன் பெயரைச் சேவையகத்துக்கு அறிவிக்கும். அவ்வறிவிப்பைப் பார்ப்போருக்கு ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. குரோம், சபாரி, எட்ஜ் யாவும் தம்மை முதலில் ‘மொசில்லா’ என்றே கூறிக்கொள்ளும். 1990-களில் நெற்ஸ்கேப் மேலோடியின் உட்பெயர் மொசில்லா. அப்பெயரைக் கூறியோருக்கே சில தளங்கள் சிறந்த பக்கத்தை அனுப்பின. ஆதலாற் பின்வந்தோர் யாவரும் அப்பெயரைப் பூண்டனர்.

பழங்கதையன்றோ இது என எண்ணற்க. 2019 டிசம்பரில் விவால்டி, பெரும்பாலான தளங்களுக்குத் தன் பெயரைச் சொல்லாது, தன்னைக் குரோமாகவே காட்டத் தொடங்கிற்று. பொறி ஒன்றேயாயினும், ‘விவால்டி’ என்னும் சொல்லைக் கண்ட மாத்திரத்தே சில தளங்கள் வாயிலை அடைத்தமையே காரணம். பெயரை மறைத்ததனால் வாயில் திறந்தது. ஆயின், மேலோடிகளை எண்ணிக் கணக்கிடுவோர்க்கு அது குரோமாகவே தோன்றிற்று. சிறியது தன் பெயரை இழந்தது. பெரியதன் எண்ணிக்கை மேலும் பெருகிற்று.

ஒன்றே ஆண்ட காலம்

ஒரு பொறியே எங்கும் பரவினால் வரும் தீங்கு யாதென வினவலாம். யாவரும் ஒன்றையே பயன்படுத்தின் வேலை எளிதன்றோ என்பாரும் உளர். இதற்கு விடை முன்னமே கிடைத்துவிட்டது. மைக்ரோசொப்டின் இன்டர்நெற் எக்ஸ்புளோரர் ஆறாம் பதிப்பு 2001-இல் வெளிவந்தது. சில ஆண்டுகளில் நூற்றுக்கு 90-க்கு மேற்பட்டோர் அம்மேலோடியையே பயன்படுத்தினர். போட்டி ஒழிந்தது, அடுத்த பதிப்பு வருதற்கு 2006 வரை காத்திருக்க நேர்ந்தது. 2004 நவம்பரில் பயர்பொக்ஸ் தோன்றிய பின்னரே நிலைமை அசைந்தது.

தென் கொரியா இதற்குப் பெருவிலை கொடுத்தது. 1990-களின் இறுதியில் அந்நாடு இணைய வங்கிப் பணிக்கெனத் தனியொரு மறைகுறி முறையை வகுத்தது. அதனை மைக்ரோசொப்டின் அக்டிவ்எக்ஸ் என்னும் இணைப்பின் வாயிலாகச் செயற்படுத்தினர். அவ்விணைப்பை ஏற்பது எக்ஸ்புளோரர் ஒன்றே. விளைவாக, வேறு மேலோடியைக் கொண்டோர் பல்லாண்டுகள் வங்கிக் கணக்கையும் அரச பணிகளையும் இணையத்தில் அணுக இயலாதவராயினர். சட்டம் ஏற்படுத்திய அச்சான்றிதழ் முறையின் தனியுரிமை 2020 டிசம்பரிலேயே நீங்கியது.

தமிழரும் இத்துன்பத்திற் பங்குகொண்டோம். ஒருங்குறி பரவுமுன், தமிழ்த் தளங்கள் தத்தமக்குரிய எழுத்துருக்களைக் கையாண்டன. அவற்றுட் சில, எக்ஸ்புளோரர் மாத்திரமே ஏற்கும் ஒருவகை இயங்கு எழுத்துருவில் தம் பக்கங்களை அமைத்தன. வேறு மேலோடியில் அவை உரோம எழுத்துக்களின் பொருளற்ற குவியலாகவே தோன்றின. 2022 ஜூன் 15-ஆந் திகதி மைக்ரோசொப்ட் எக்ஸ்புளோரருக்கு ஓய்வளித்தது. அதனை நம்பி எழுதிய பக்கங்களுள் ஒருங்குறிக்கு மாற்றப்படாதவை, எழுதியவர் கருதிய உருவில் இன்று தோன்றுவதில்லை. ஏடு செல்லரித்ததனாலன்று, வாசிக்கும் கருவி மறைந்ததனால் எழுத்து அழிந்தது.

செலவு யாருடையது

மேலோடிகள் இலவசமாக வருகின்றன. ஆயின் அவற்றை ஆக்குவோர்க்குச் செலவுண்டு. மொசில்லாவின் வருவாயிற் பெரும்பகுதி, கூகுளை இயல்பான தேடுபொறியாக வைத்தற்குக் கூகுள் தரும் பணமே. இத்தகைய இடங்களைப் பெறுதற்கு 2021-ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் 2,630 கோடி டொலர் வழங்கியமை அமெரிக்க நீதிமன்றில் வெளிப்பட்டது. தேடற்றுறையில் அந்நிறுவனம் சட்டத்துக்கு மாறாக ஏகபோகத்தைப் பேணிற்று என 2024 ஓகஸ்டில் அந்நீதிமன்று தீர்த்தது. 2025 செப்டெம்பரில், குரோமை விற்கவேண்டியதில்லை எனவும், தனக்கே உரியதாக்கும் ஒப்பந்தங்களைச் செய்யலாகாது எனவும் கட்டளையிட்டது. விவால்டியும் தேடுபொறிகளோடும் பிற தளங்களோடும் செய்யும் உடன்பாடுகளாலேயே பொருளீட்டுகின்றது. புதிய மேலோடியை நிறுவுவார், இதன் செலவை யார் தருகின்றார், ஏன் தருகின்றார் என்று வினவுதல் நலம்.

முடிவு

இச்சோதனைகளால் விவால்டியைப் பற்றிப் பெறும் முடிவு யாது? பல பக்கங்களை ஒருங்கே திறந்து ஆராய்வோர்க்கு அது நல்ல துணை. தாவல்களை அடுக்காக்கலாம், இரண்டு பக்கங்களை அருகருகே வைத்து வாசிக்கலாம், குறிப்பெழுதலாம், மின்னஞ்சலையும் அதனுள்ளேயே கையாளலாம். முகப்பைப் பொறுத்தவரை அது உண்மையிற் புதியதே. பொறியைப் பொறுத்தவரை அது குரோமின் உடன்பிறப்பு. குரோமிலிருந்து விலகவேண்டும் என்னும் கருத்தோடு அதனை நிறுவுவோர், பாதி வழியே விலகியோராவர். முழுதும் வேறான பொறியை வேண்டுவோர்க்கு நம் கணினிகளில் எளிதிற் கிடைப்பது பயர்பொக்ஸே. புதிதாக ஒரு பொறியை அடியிலிருந்து ஆக்கும் முயற்சிகளும் உண்டு. லேடிபேர்ட் என்னும் மேலோடிக்கென 2024-இல் இலாபநோக்கற்ற நிறுவனம் ஒன்று அமைந்தது. அத்தகையவை நிலைபெறுமா என்பது, வேறுபட்டதைப் பயன்படுத்த முன்வருவோர் தொகையைப் பொறுத்தது.

மாணவர் தம் கணினியில் வெவ்வேறு பொறியுடைய இரண்டு மேலோடிகளை வைத்திருத்தல் நன்று. கல்லூரிக்கோ சங்கத்துக்கோ வலைத்தளம் அமைக்கும் பழைய மாணவர், தம் பக்கத்தை ஒரு மேலோடியிற் கண்டு மகிழ்ந்து நின்றுவிடாது, மற்றொரு பொறியிலும் திறந்து பார்த்தல் வேண்டும்; தமிழை ஒருங்குறியிலேயே எழுதுதல் வேண்டும். இன்று நாம் எழுதி வைக்கும் கல்லூரி வரலாறு, இன்றைய மேலோடிகள் யாவும் மறைந்த பின்னரும் வாசிக்கப்படவேண்டியதன்றோ? அதற்குரிய காவல் ஒரு நிறுவனத்தின் நல்லெண்ணத்தில் இல்லை. யாவர்க்கும் பொதுவான விதிகளிலும், அவ்விதிகளைப் பலர் தனித்தனியே கைக்கொள்வதிலுமே உள்ளது.