வீட்டு நாஸில் வைத்த படத் தொகுதியும் அதன் பழுதும்

ஒரு தலைமுறைக்கு முன்னர் ஒரு குடும்பத்தின் புகைப்படங்களெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் அடங்கின. இக்காலத்தில் அவை பல்லாயிரமாய்ப் பெருகிக் கைப்பேசியிலும் கணினியிலும் இடங்கொள்ளாமையின், பலர் தம் வீட்டு ரூட்டருடன் கேபிளால் இணைத்த ஹார்டு டிஸ்க் பெட்டியொன்றில் அவற்றைச் சேமித்து வருகின்றனர். அப்பெட்டியை நாஸ் என்பர். வீட்டிலுள்ளார் யாவரும் தத்தம் கணினியினின்றே அதனைத் திறந்து காணலாமாதலின் இஃது ஏற்ற ஏற்பாடே. ஆயினும் படங்களை அதில் வைப்பது வேறு. படங்களை ஆளும் மென்பொருளின் லைப்ரரி முழுவதையும் அதில் வைப்பது வேறு. இவ்வேறுபாட்டை அறியாமையால் நேர்ந்த ஓர் இடரை யாம் அருகிருந்து கண்டோமாதலின், அதனையே கொண்டு இப்பொருளை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

2023-ஆம் ஆண்டில், நம் கல்லூரியின் பழைய மாணவராகிய நண்பர் ஒருவர், தம் மேக் கணினியில் ஆப்பிள் ஃபோட்டோஸ் லைப்ரரி திறக்கவில்லையென்று எம்மை அழைத்தார். அவர் அலுவலினின்று ஓய்வு பெற்றபின் ஈராண்டு முயன்று, குடும்பத்துப் பழம்படங்களை ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றிலும் இருப்பவர் இன்னாரென்று தம் பெரியம்மா சொல்லச் சொல்லத் தட்டெழுதி வைத்திருந்தார். அவ்வம்மையார் அவ்வாண்டின் தொடக்கத்திலே காலஞ்சென்றார். கணினியில் இடம் போதாமையால் நண்பர் லைப்ரரியை நாஸுக்கு மாற்றினார். மாற்றிய சில வாரங்களில் ஒரு மாலை மின்சாரம் நின்று மீண்டது; அதன்பின் லைப்ரரி திறக்கவில்லை. ஆப்ஷன், கமாண்ட் என்னும் இரு விசைகளையும் அழுத்திக்கொண்டு ஃபோட்டோஸைத் திறந்தால் பழுதுபார்க்கும் வசதி தோன்றும். அதனை உடனே இயக்கலாமா என்பதே அவர் எம்மைக் கேட்ட கேள்வி.

இயக்கற்க என்றோம். பழுதுபார்த்தல் என்பது பட்டியலைத் திருத்தி எழுதுஞ் செயலாகும். எழுதியபின் முன்னிருந்த நிலையை மீளக் காண்டல் அரிது. ஆதலின் லைப்ரரி முழுவதையும் வேறொரு யு.எஸ்.பி. டிஸ்கில் படியெடுத்து, அப்படியின்மேலேயே எதனையும் செய்து பார்த்தல் வேண்டும். அன்றிரவு முழுதும் அப்படியெடுப்பிலேயே கழிந்தது. பொறுமையிழந்த நண்பர் இருமுறை எழுந்து வந்து திரையைப் பார்த்துச் சென்றார்.

படியெடுக்கத் தொடங்குமுன், பழுது எங்குள்ளதென்பதை வெளியினின்று உள்நோக்கி ஆராய்ந்தோம். லைப்ரரி திறக்கவில்லையென்ற ஒரு சொல்லுக்குப் பல காரணம் உண்டு. நாஸ் பெட்டி வலையில் தெரிகின்றதா? பெயரால் அழைத்தபோது தெரியாதது ஐ.பி. எண்ணால் அழைத்தபோது தெரியுமாயின் குற்றம் பெயர் தேடும் ஏற்பாட்டில் உள்ளதேயன்றி டிஸ்கில் இல்லை. கடவுச்சொல் மாறியதா, எழுதும் உரிமை நீங்கியதா என்பதும் காணத்தக்கது. இணைப்பு இடையில் அறுந்து மீண்டபோது, மேக் கணினி முன்னிருந்த பெயரின் இறுதியில் ஒன்று என்னும் எண்ணைச் சேர்த்துப் புதிய பெயரால் அப்பங்கை இணைத்தலும் உண்டு. அப்பொழுது படங்கள் இருந்தபடியே இருக்க, மென்பொருள் மட்டும் பழைய முகவரியிற் சென்று தேடிக் காணாது திரும்பும்.

மந்தமாய்த் திறக்கிறது என்னும் குறைக்குப் பெரும்பாலும் கேபிளே காரணம். வினாடிக்கு 1,000 மெகாபிட் செல்லும் இணைப்புக்குக் கேபிளிலுள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிகள் போதும். ஆதலின் மற்ற இரண்டில் ஒரு ஜோடி அறுந்தால் இணைப்பு முற்றும் நில்லாது, ஓசையின்றிப் பத்தில் ஒரு பங்காய்க் குறைந்து நடக்கும். 12 மெகாபைட் அளவுள்ள படம் ஒன்று முன்னதில் ஏறத்தாழ வினாடியில் பத்திலொரு பங்கில் வரும்; பின்னதில் ஒரு வினாடி கொள்ளும். சுழலும் ஹார்டு டிஸ்கு ஒவ்வொரு சிறு கோப்பையும் தேடி எடுக்க ஏறக்குறைய 10 மில்லி வினாடி கொள்ளுமாதலின், 1,00,000 சிறு உருப்படங்களைத் தனித்தனியே படிக்க 1,000 வினாடி, அதாவது பதினாறு நிமிடத்துக்கு மேலும் செல்லும். இதனைக் கண்டு டிஸ்கு கெட்டதென்று புதிது வாங்கினவரையும் யாம் அறிவோம்.

நண்பரின் வீட்டில் இவையெல்லாம் செவ்வையாயிருந்தன. எனவே குற்றம் லைப்ரரியின் உள்ளேயே உள்ளதென்று துணிந்தோம்.

ஃபோட்டோஸ் லைப்ரரி கண்ணுக்கு ஒரே கோப்பாய்த் தோன்றினும், உண்மையில் அஃது ஓர் அடைவு. அதனுள் படங்கள் ஒருபுறமும், அவற்றின் பட்டியல் மற்றொருபுறமும் உள்ளன. நம் கல்லூரி நூல்நிலையத்தில் நூல்கள் அலமாரியிலும் அவற்றின் விவரங்கள் அட்டைப் பெட்டியிலும் இருத்தல்போலென்க. அப்பட்டியல் ரிச்சர்டு ஹிப் என்பார் ஆக்கி 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தள முறையில் எழுதப்படுகின்றது. புதிய திருத்தங்கள் நேரே பட்டியலில் ஏறாமல் முதலில் வால் எனப்படும் ஒரு துணைக் கோப்பில் குறிக்கப்பட்டுப் பின்னரே பட்டியலிற் சேரும். இம்முறை 2010-இல் எஸ்க்யூலைட்டில் வந்தது. படத்தை ஆராய்வது, முகங்களை அறிவது முதலிய வேலைகளைச் செய்யும் பல நிரல்கள் ஒரே சமயத்தில் அத்துணைக் கோப்பைப் படிக்கும். அவை ஒன்றோடொன்று முரணாதபடி ஒரே கணினியின் நினைவகத்தைப் பொதுவாய்க் கொண்டு இணங்கி நடக்கும். அப்பொது நினைவகம் ஒரு கணினிக்கு உள்ளேதான் அமையும். வலைக்கு அப்பால் உள்ள டிஸ்கில் அமையாது. இம்முறை வலைக் கோப்பகங்களில் இயங்காதென்று எஸ்க்யூலைட்டை ஆக்கியோரே எழுதி வைத்துள்ளனர். ஆப்பிள் நிறுவனமும், தரவிழப்பைத் தவிர்க்கும்பொருட்டு, வலையிற் பகிர்ந்த டிஸ்கில் லைப்ரரியை வைத்தலாகாதென்று அறிவுறுத்துகின்றது. அடோபி லைட்ரூம் கிளாசிக்கோ இன்னுங் கண்டிப்பானது. படங்கள் நாஸில் இருக்கலாம், கேட்டலாக் வலை டிஸ்கில் இருந்தால் திறக்கவே மறுக்கும். அம்மறுப்பைக் குறையென்று சொல்வாருளர். யாமோ அதனை நன்மையென்றே கொள்வோம். ஆப்பிளும் அவ்வாறே மறுத்திருப்பின் எம் நண்பர் இவ்வல்லலுக்கு ஆளாகார்.

படியின் உட்புறத்தைத் திறந்து பார்த்தோம். ஒரிஜினல்ஸ் என்னும் அடைவில் படங்கள் யாவும் ஊறின்றி இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் நீண்ட எண்ணெழுத்துக் கோவையைப் பெயராய்க் கொண்டு பதினாறு சிற்றடைவுகளிற் சிதறியிருந்தது. படத்தின் பழைய கோப்புப் பெயரும், ஆல்பமும், பெரியம்மா சொல்லி எழுதிய குறிப்பும் பட்டியலிலேயே இருந்தன; படக்கோப்பில் இல்லை. அப்பட்டியலோ நடுவே கெட்டிருந்தது. மின்சாரம் நின்ற கணத்தில் வால் கோப்பின் ஒரு பகுதி டிஸ்கை அடையாமற் போயிற்று. பழுதுபார்க்கும் வசதியைப் படியின்மேல் இயக்கினோம். படங்கள் திரும்பின, குறிப்புக்கள் பல வெறுமையாயின.

அந்நாஸ் பெட்டியில் இரண்டு டிஸ்குகள் ஒன்றற்கொன்று கண்ணாடிபோல் அமைந்திருந்தன. இரண்டு இருக்க ஒன்றேனும் நல்லதாயிராதா என்று நண்பர் வினவினார். ஒன்றில் எழுதிய பிழை அக்கணமே மற்றதிலும் எழுதப்படும். ரெய்டு என்னும் அவ்வேற்பாடு டிஸ்கு ஒன்று இறந்தால் உதவுமேயன்றி எழுத்துப் பிழைக்கு உதவாது. உதவியது வேறொன்று. லைப்ரரியை மாற்றுமுன் டைம் மெஷின் எடுத்து வைத்த நான்கு மாதத்துப் பழம்படி ஒன்று மேசை இழுப்பறையில் இருந்த டிஸ்கில் அகப்பட்டது. அதினின்றும் அதுவரை எழுதிய குறிப்பெல்லாம் கிடைத்தன.

இடையில் மற்றொரு சிக்கலும் வெளிப்பட்டது. தமிழில் அடைவுகளுக்குப் பெயரிடுவோர் அறியற்பாலது. நாஸில் 'பொங்கல்' என்னும் பெயருடைய அடைவுகள் இரண்டு இருந்தன. கண்ணுக்கு எழுத்து வேற்றுமை யாதுமில்லை. யூனிகோடில் 'பொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் கொம்பையும் துணைக்காலையும் இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். ஓகார ஔகாரக் குறிகளும் அத்தகையனவே. மேக் கணினியின் பழைய டிஸ்க் அமைப்பாகிய ஹெச்.எஃப்.எஸ். பிளஸ் அவற்றைப் பிரித்தே சேமிக்கும். லினக்ஸில் நடக்கும் நாஸ், கொடுத்தது கொடுத்தபடி வைக்கும். இரு வழியாய் வந்த ஒரு பெயர் அங்கே இரு பெயராகும். அடைவுப் பெயரைத் தேதியெண்ணாக வைத்தல் இச்சிக்கலுக்கு எளிய பரிகாரம்.

பின்னர் ஏற்பாட்டை மாற்றினோம். லைப்ரரி இப்பொழுது கணினியுடன் நேரே இணைத்த, ஏ.பி.எஃப்.எஸ். முறையில் அமைத்த ஓர் எஸ்.எஸ்.டி. டிஸ்கில் உள்ளது. நாஸுக்கு டைம் மெஷினின் காப்புப் படி மட்டுமே செல்கின்றது, அதற்கொரு யு.பி.எஸ். வாங்கப்பட்டது. வீட்டார் யாவரும் ஒருங்கே காண விரும்பினால், இம்மிச் போன்ற மென்பொருளை நாஸிலேயே நிறுவலாம். அங்குப் பட்டியலை எழுதும் நிரலும் பட்டியலும் ஒரே பெட்டியிலிருத்தலின் முற்கூறிய குற்றம் நிகழாது. ஆண்டுக்கிருமுறை, திருத்தாத மூலப்படங்களை எக்ஸ்.எம்.பி. கோப்புக்களுடன் வெளியேற்றி மகள் வீட்டில் வைக்கின்றார். அவ்வெக்ஸ்.எம்.பி. கோப்பில் தலைப்பும் குறிப்பும் படத்தின் பக்கத்திலேயே எழுதப்படுதலின், பட்டியல் கெடினும் பெயர்கள் கெடா.

நான்கு மாதத்தில் எழுதி இழந்த குறிப்புக்கள் 61. நண்பர் தஞ்சையிலும் பாளையங்கோட்டையிலும் உள்ள உறவினர்க்கு அப்படங்களை அனுப்பிக் கேட்டு 54-ஐ மீள எழுதினார். எஞ்சிய ஏழில் நிற்பவர்களை அடையாளங் காட்டுவார் இதுகாறும் அகப்படவில்லை.