கழிப்பறைத் தொட்டி ஒழுகுதா? நாமே சரி செய்வோம்



சில மாதங்களுக்கு முன் கடத்தூரில் நடந்த எங்கள் குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர், "அக்கா, கக்கூஸ் குழி கட்டி ரெண்டு வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள ரொம்பிடுச்சு. லோன் குடுத்தா வேற குழி எடுத்துடுவேன்" என்று கேட்டார். கடன் தருமுன் நேரில் பார்ப்போம் என்று நாலு பேர் போனோம். குழியில் தப்பில்லை. ஃப்ளஷ் தொட்டியிலிருந்து இரவு பகலாகத் தண்ணீர் பேசினுக்குள் வழிந்துகொண்டே இருந்தது. அதை நிறுத்தியதும் சில வாரங்களில் குழித் தண்ணீர் வடிந்தது. கடன் தேவைப்படவில்லை.

ஏன் கவனிக்க வேண்டும்?

உறிஞ்சு குழியில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கினால்தான் மலம் மட்கி எருவாகும். மண் உறிஞ்சுவதைவிட அதிகமாகத் தண்ணீர் வந்தால் குழி நிரம்பியே நிற்கும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் (200 மில்லி) ஒழுகுது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 57 லிட்டருக்கு மேல். 15 லிட்டர் குடத்தில் ஏறக்குறைய நாலு குடம்! நம் மாவட்டத்தில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது; 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. அவ்வளவு தூரத்திலிருந்து வரும் தண்ணீரையா குழிக்கு அனுப்புவது?

எங்கே ஒழுகுது? நீலம் சொல்லும்

தொட்டியின் மூடியைத் திறங்கள். பயப்பட வேண்டாம், உள்ளே இருப்பது குழாயில் வந்த தண்ணீர்தான். துணிக்குப் போடும் சொட்டு நீலம் பத்துச் சொட்டு விடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது.

- பேசினில் நீல நிறம் வந்தால், அடியில் உள்ள வாஷர் சரியாக மூடவில்லை.
- உள்ளே நிற்கும் வழிவுக் குழாயின் வாய் வழியாகத் தண்ணீர் இறங்கினால், மிதவையில் கோளாறு.

மிதவைக் கோளாறு

வழிவுக் குழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழேயே தண்ணீர் நிற்க வேண்டும். மிதவையின் கம்பி உலோகமாக இருந்தால் மெதுவாகக் கீழ்நோக்கி வளையுங்கள். பிளாஸ்டிக் என்றால் வளைக்காதீர்கள், உடைந்துவிடும். அதில் உள்ள திருகைத் திருப்பி மிதவையை இறக்குங்கள். பந்தைக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கிறதா? அது ஓட்டை, மாற்ற வேண்டும். மிதவையைக் கையால் தூக்கிப் பிடித்தும் தண்ணீர் நிற்கவில்லை என்றால், தண்ணீர் வரும் வால்வில் தூசி அடைத்திருக்கும் அல்லது அது தேய்ந்திருக்கும்.

வாஷர் கோளாறு

1. தொட்டிக்குத் தண்ணீர் வரும் குழாயை மூடுங்கள்.
2. ஃப்ளஷ் செய்து தொட்டியைக் காலி செய்யுங்கள்.
3. வாஷரைக் கழற்றிப் பாருங்கள். போர் தண்ணீர் என்றால் உப்புப் படிந்திருக்கும். எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் வாஷரையும் அது உட்காரும் இடத்தையும் துடையுங்கள்.
4. விறைத்தோ வெடித்தோ போயிருந்தால், பழைய வாஷரையே கடைக்கு எடுத்துப் போய் அதே அளவில் வாங்குங்கள்.
5. மாட்டியபின் மறுபடியும் நீலம் விட்டுப் பாருங்கள்.
6. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

எச்சரிக்கை: உப்பைப் போக்க ஆசிட் ஊற்றாதீர்கள். ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

தமிழ்நாட்டிலேயே முதலில் அரசுத் திட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கியது நம் தர்மபுரி மாவட்டத்தில்தான், 1989-ல். கையெழுத்துப் போடவும் வங்கிக்குப் போகவும் கற்றுக்கொண்ட நமக்கு ஒரு வாஷர் மாட்டுவதா கஷ்டம்? இந்த வாரமே உங்கள் வீட்டுத் தொட்டியில் நீலம் விட்டுப் பாருங்கள். என்ன கண்டீர்கள் என்று அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள். தெரிந்தவர் தெரியாத இருவருக்குச் சொல்லித் தருவோம்.