சாதர் டிரெக்: பேக்கேஜ் ரூ.25,000 தான், ஆனா மொத்தச் செலவு எவ்வளவு?

ஜனவரி பிறந்தா போதும், ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒருத்தர் அந்த ரீல்ஸைப் போட்டுடுவாங்க. நீல நிறத்தில் உறைஞ்சு நிக்கிற அருவி, அதுக்குக் கீழே ஐஸ் ஆத்து மேல வரிசையா நடக்கிற ஆட்கள், மேலே ஒரு வரி: "வெறும் ரூ.25,000". அடுத்த அஞ்சு நிமிஷத்தில் நாலு பேர் "நான் ரெடி"ன்னு தம்ஸ் அப் போட்டுடுவாங்க. வீடியோவில் நான் வேகமா சொல்லிட்டுப் போன கணக்கை இங்கே கொஞ்சம் நிதானமா எழுதறேன். போகாதீங்கன்னு சொல்றதுக்காக இல்லை. எந்தப் பணத்தில் போகணும்கிறதுக்காக.

அந்த அருவி இருப்பது லடாக்கில், ஜான்ஸ்கர் ஆற்றின் ஓரத்தில், நேரக் என்ற இடத்தில். "சாதர்" என்றால் இந்தியில் விரிப்பு, போர்வை. ஆற்றின் மேல் படிகிற ஐஸ் விரிப்புக்குத்தான் அந்தப் பெயர். குளிர்காலத்தில் கணவாய்கள் பனியில் மூடிவிட்டால், ஜான்ஸ்கர் மக்கள் லே பக்கம் வந்துபோக இந்த ஆறுதான் பாதையாக இருந்தது. நம்மைப் போன்றவர்களுக்கு ஜனவரி நடுவில் இருந்து பிப்ரவரி நடு வரை, ஏறத்தாழ ஒரு மாதம்தான் சீசன். பகலிலேயே பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும். இரவில் மைனஸ் 25 டிகிரி வரை போகும். அந்தக் குளிரில் டென்ட்டில் படுக்கணும்.

இப்போ ஒரு சின்ன அறிவியல். பணக் கணக்கே இதுலதான் தொங்குது.

ஓடுகிற தண்ணீர் சீக்கிரம் உறையாது. அருவியில் முதலில் உறைவது ஓரத்துப் பாறையில் தெறிக்கிற துளிகள்தான். அதன்மேல் அடுத்த துளி ஒட்டும். குச்சி குச்சியாகத் தொங்கும். நாள் போகப்போகக் குச்சிகள் சேர்ந்து தூணாகும். வெளியே தூண் கெட்டியாக நின்றாலும் உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கலாம். ஆறும் அப்படித்தான். கரையோரம் முதலில் உறையும், நடுவில் ஓட்டம் இருந்துகொண்டே இருக்கும். வானம் தெளிவாக இருக்கிற ராத்திரியில் தரையின் சூடு மேலே போய்விடும், ஐஸ் கெட்டிப்படும். மேகம் மூடினால் குளிர் குறையும், ஐஸ் பலவீனமாகும். நேற்று நடந்த இடத்தில் இன்று தண்ணீர் ஓடலாம். அதனால்தான் உள்ளூர் வழிகாட்டி கையில் ஒரு கோலோடு முன்னால் போவார். தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்து, காலை வைக்கலாமா கூடாதா என்று சொல்வார். அவர் "நில்லு" என்றால் நிற்கணும். "திரும்பு" என்றால் திரும்பணும்.

ஆக, நீங்க பணம் கட்டுறது ஒரு முயற்சிக்குத்தான். நேரக் வரைக்கும் போய்ச் சேருவோம்னு எந்த ஆபரேட்டரும் உத்தரவாதம் தர முடியாது. தர்றேன்னு யாராவது சொன்னா அந்த ஆளிடம் புக் பண்ணாதீங்க.

பயணம் எங்கெல்லாம் நின்றுபோகலாம் என்று பாருங்கள். லே விமானம் மோசமான வானிலையால் ரத்தாகலாம், குளிர்காலத்தில் இது அடிக்கடி நடப்பதுதான். லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டெல்லியில் இருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் அங்கே போய் இறங்குவதால், உடம்பு பழகுவதற்கு நாட்கள் ஒதுக்கித் தங்கணும். அதன் பிறகு கட்டாய மருத்துவப் பரிசோதனை. ரத்த அழுத்தமோ ஆக்சிஜன் அளவோ சரியில்லை என்றால் ஆற்றில் இறங்க அனுமதி கிடையாது. அதிலும் தேறிய பிறகு, ஐஸ் சரியாகப் படியவில்லை என்று நிர்வாகமே டிரெக்கை நிறுத்தி வைக்கலாம். எல்லாம் சரியாக அமைந்து நடந்தாலும், பாதி வழியில் ஐஸ் உடைந்து வழிகாட்டி திருப்பிக் கூட்டி வரலாம்.

சரி, கணக்குக்கு வருவோம். சென்னையில் வேலை, கையில் வரும் சம்பளம் மாதம் ரூ.45,000 என்று வைத்துக்கொள்வோம். கீழே இருப்பது நான் ஒரு மாதிரிக்காகப் போட்ட தொகைகள். நீங்க உங்க தேதிக்கு, உங்க ஊருக்கு விலை பார்த்து மாத்திக்குங்க.

பேக்கேஜ் ரூ.25,000, அதன்மேல் 5% ஜிஎஸ்டி ரூ.1,250: ஆக ரூ.26,250
சென்னை–டெல்லி–லே, போக வர விமானம்: ரூ.24,000
லேயில் தங்குவது, சாப்பாடு: ரூ.8,000
அனுமதிக் கட்டணங்கள், பரிசோதனை, காப்பீடு: ரூ.6,000
கம்பூட்ஸ், ஜாக்கெட், தெர்மல், கையுறை (பாதி வாடகை, பாதி வாங்குவது): ரூ.9,000
பை தூக்கும் போர்ட்டர், டிப்ஸ்: ரூ.4,000
விமானம் தள்ளிப்போனால் கூடுதல் நாட்களுக்கு: ரூ.12,000

மொத்தம் ரூ.89,250. ரீல்ஸில் பார்த்த பேக்கேஜ் விலை இதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இதில் பெரும்பாலானவர்கள் அடித்துவிடுகிற வரி கடைசி வரிதான். "அதெல்லாம் எதுக்கு, பார்த்துக்கலாம்" என்பார்கள். அந்த வரியைத் தொடாதீங்க. வானிலையால் விமானம் ரத்தானால், ஏர்லைன்ஸ் பணத்தைத் திருப்பித் தரும் அல்லது வேறு விமானம் தரும். நஷ்டஈடு கிடையாது. டெல்லி–சென்னை டிக்கெட்டைத் தனியாக எடுத்திருந்தால் அந்த விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது, அந்தக் காசும் போச்சு. முடிந்தவரை மொத்தப் பயணத்தையும் ஒரே பிஎன்ஆரில் எடுங்க.

லீவும் காசுதான். லேயில் தங்கும் நாட்கள், நடக்கும் நாட்கள், திரும்பும் நாள், கையிருப்பாக ரெண்டு நாள் எல்லாம் சேர்த்தால் 10, 11 நாள் ஆகும். சனி, ஞாயிறு கழித்து ஏழெட்டு நாள் லீவு. அது உங்க கணக்கில் இல்லையென்றால் சம்பளப் பிடித்தம். ரூ.45,000 சம்பளத்தில் ஒரு நாளுக்கு ரூ.1,500.

இனிமே சொல்றதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி. இந்த ரூ.89,250-ஐக் கடன் வாங்கிக் கட்டாதீங்க. வட்டி ஒரு காரணம். ரூ.90,000-க்கு 16% வட்டியில் 24 மாதப் பர்சனல் லோன் என்றால் இஎம்ஐ சுமார் ரூ.4,407. வட்டி மட்டும் ஏறத்தாழ ரூ.15,760. செயலாக்கக் கட்டணம் தனி. ஆனால் நான் வேண்டாம் என்று சொல்வது இந்தப் பதினஞ்சாயிரத்துக்காக இல்லை.

லேயில் மூன்றாவது நாள் காலை. தலை லேசா விண் விண்ணுன்னு வலிக்குது. ராத்திரி வாந்தி வர்ற மாதிரி இருந்தது. இன்னைக்குப் பரிசோதனை. உண்மையைச் சொன்னா "நீங்க போக வேண்டாம்"னு சொல்லிடுவாங்க. கட்டின காசு போயிடும், ஆனா இஎம்ஐ ரெண்டு வருஷம் வரும். இந்த நிலைமையில் ஒருத்தர் என்ன செய்வார்? ஒரு மாத்திரையைப் போட்டுக்கிட்டு "நல்லா இருக்கேன் டாக்டர்"னு சொல்வார். உயர நோய்க்கு இருக்கிற அடிப்படை விதியே, அறிகுறி இருந்தால் மேலே போகாதே, கூடினால் கீழே இறங்கு என்பதுதான். அலட்சியம் பண்ணினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்ளும். உயிர் போகிற விஷயம். ஆற்றுக்குள் போன பிறகு ஆஸ்பத்திரி கிடையாது, போன் சிக்னலும் கிடையாது.

முதலீட்டில் இதைப் பற்றி நாம நிறைய பேசியிருக்கோம். நஷ்டத்தில் இருக்கிற பங்கை, "இவ்வளவு போட்டாச்சே" என்பதற்காகவே பிடித்துக்கொண்டு இருப்பது. அங்கே போவது பணம். ஐஸ் மேல் அதே புத்தி வேலை செய்தால் கதை வேறு. வழிகாட்டி "திரும்பலாம்" என்று சொல்லும்போது அவரிடம் சண்டை போடுகிறவர்களில் பலர், இந்தக் காசை இன்னொரு தடவை சேர்க்க முடியாதே என்ற பதற்றத்தில் இருப்பவர்கள்தான் என்பது என் கணிப்பு. முழுத் தொகையும் போனாலும் மாத வாடகைக்கோ, வீட்டுக்கு அனுப்புற பணத்துக்கோ ஆட்டம் வரக்கூடாது. அந்த மாதிரி பணம் இருந்தால்தான் "எனக்கு உடம்பு சரியில்லை"ன்னு வாயைத் திறந்து சொல்ல வரும்.

அதனால் அடுத்த ஜனவரியைக் குறி வையுங்க. பிப்ரவரியில் ஆரம்பித்து டிசம்பர் வரை 11 மாதம், மாதம் ரூ.8,150 ஆர்டி போட்டால் ரூ.89,650. வட்டி மேலே வரும். இதைப் பங்குச் சந்தை ஃபண்டில் போடாதீங்க. தேதி நிச்சயமான செலவுக்கு ஒரு வருஷத்துக்குள் சந்தையை நம்ப முடியாது. அவசர கால நிதியில் கை வைப்பதும் கூடாது. மாதம் ரூ.8,150 முடியவில்லை என்றால் ரெண்டு வருஷம் எடுத்துக்குங்க. "இதுதான் கடைசி சீசன், அடுத்த வருஷம் சாதரே இருக்காது" என்று ஒவ்வொரு வருஷமும் விளம்பரம் வரும். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. நிம்மு–பதும்–தார்ச்சா சாலையை 2024 மார்ச்சில் இணைத்துவிட்டார்கள், முன்பு ஐஸில் நடந்த தூரத்தில் ஒரு பகுதிக்கு இப்போது வண்டியிலேயே போகலாம். ஆனாலும் ஒரு வருஷம் தள்ளிப்போவதற்காகக் கடன் வாங்குகிற அளவுக்கு அவசரம் இல்லை.

காப்பீட்டில் ஒரு குழப்பம். ஆபீஸ் மெடிக்ளைம் இருக்கே, போதாதா? சாதாரண ஹெல்த் பாலிசிகளில் இருக்கும் பொதுவான விலக்கு, சாகச விளையாட்டில் "தொழில்முறையாக" ஈடுபடுவோருக்கானது. அதனால் விடுமுறைக்குப் போகிற உங்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவு கிடைக்க வாய்ப்பு இருக்கு. ஆனால் ஐஸ் ஆற்றில் இருந்து ஆஸ்பத்திரி வரை உங்களைக் கொண்டுவர ஆகும் மீட்புச் செலவு அதில் பெரும்பாலும் வராது. தனிநபர் விபத்துப் பாலிசி, டிராவல் பாலிசி ரெண்டிலும் சாகசப் பயண விலக்கு வேறு மாதிரி எழுதியிருப்பார்கள். பாலிசி எடுக்கும் முன் மூன்று விஷயம் பாருங்க: டிரெக்கிங் கவராகுதா, எத்தனை மீட்டர் உயரம் வரை, மீட்புச் செலவுக்கு உச்ச வரம்பு எவ்வளவு. பதிலை இமெயிலில் வாங்குங்க. போனில் சொன்னது கிளெய்ம் நேரத்தில் நிற்காது.

ஆபரேட்டரிடமும் எழுத்தில்தான் கேட்கணும். பரிசோதனையில் தேறாவிட்டால் எவ்வளவு திரும்பும்? நிர்வாகம் டிரெக்கை நிறுத்தினால்? பாதியில் திரும்பினால்? வழிகாட்டிக்கு எத்தனை பேர், ஆக்சிஜன் சிலிண்டர் கூட வருதா? இன்னொரு கேள்வியும் கேளுங்க: போர்ட்டர்களுக்கு நல்ல பூட்ஸ், தூங்க டென்ட், காப்பீடு உண்டா? ஒரு பேக்கேஜ் மத்ததைவிட ஆறாயிரம் குறைவாக இருந்தால், அந்த ஆறாயிரம் எங்கிருந்தோ வெட்டப்பட்டிருக்கு. பல நேரம் அது நம்ம பையைத் தூக்குகிறவரின் காலில் இருந்துதான்.

வரியைப் பற்றிக் கேட்டிருந்தீங்க. எல்டிஏ விலக்கு பழைய வரி முறையில் மட்டும்தான். அதுவும் உள்நாட்டுப் பயணத்தின் போக்குவரத்துக் கட்டணத்துக்கு மட்டும். டிரெக் கட்டணம், ஹோட்டல், ஜாக்கெட் எதுவும் சேராது. நாலு வருஷ பிளாக்கில் ரெண்டு பயணம், இப்போதைய பிளாக் 2026 முதல் 2029 வரை. ஆனால் மேலே சொன்ன ரூ.45,000 சம்பளக்காரருக்கு இது பெரிய விஷயமே இல்லை. 2025-26 நிதியாண்டில் இருந்து புதிய முறையில் ரூ.12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே இல்லாதபோது, எல்டிஏவுக்காகப் பழைய முறைக்குப் போவது வீண்.

சரி, உறைந்த அருவி மட்டும் பார்த்தால் போதும், ஐஸில் டென்ட் போட்டுப் படுக்கிற ஆசை இல்லை என்கிறீங்களா? காஷ்மீரில் தங்மார்க் பக்கத்தில் துருங் அருவி இருக்கு. ஸ்ரீநகரில் இருந்து தங்மார்க் சுமார் 40 கி.மீ. டிசம்பர் 21-ல் ஆரம்பிக்கிற 40 நாள் கடுங்குளிரை அங்கே "சில்லை கலான்" என்பார்கள். அருவி நன்றாக உறைவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். கிளம்பும் முன் இடம் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்குங்க, தொங்குகிற ஐஸ் குச்சிகளுக்கு நேர் கீழே போய் நின்று போட்டோ எடுக்காதீங்க. பட்ஜெட் சாதரில் பாதிகூட ஆகாது என்பது என் கணக்கு. முதல் தடவை பனியைப் பார்க்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

சாதர்தான் என்று முடிவு பண்ணியவர்களுக்குக் கடைசியாக ரெண்டு சின்ன வேலை. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டுக்கு ஒரு மாதம் முன்பே மாறிடுங்க. இல்லைன்னா ஓடிபிகூட வராது. ஆற்றுக்குள் போன பிறகு போஸ்ட்பெய்டும் உதவாது என்பதால், அந்த வாரத்தில் எந்த எஸ்ஐபி, எந்த இஎம்ஐ, எந்த கிரெடிட் கார்டு பில் வருகிறது என்று பார்த்து, அதற்கான பணத்தைக் கணக்கில் வைத்துவிட்டுக் கிளம்புங்க. டிப்ஸுக்கும் திடீர் செலவுக்கும் லே ஏடிஎம்மிலேயே ரொக்கம் எடுத்துக்குங்க, அதுவும் ஐநூறு ரூபாய் நோட்டாக மட்டும் இல்லாமல் கொஞ்சம் சில்லறையாக.